ஆஸ்பத்திரிப் பாணுக்கு மூன்று உறைகள்

அன்பு மகனே,

உன் கடிதம் வந்தது. கொழும்பில் அறை கிடைத்ததையும், அறைக்குள் காற்று வராததையும், அலுவலகத்தில் உன்னைக் கொள்முதல் பிரிவில் போட்டுவிட்டதையும் ஒரே வாக்கியத்தில் எழுதியிருக்கிறாய். மூன்றும் ஒரே அளவு துக்கம் போலும். அரசாங்கத்துக்குச் சாமான் வாங்குகிற இடம், கேள்விப்பத்திர உறைகளைப் பிரித்து வியாபாரிகள் கேட்கும் விலைகளை வரிசையாக எழுதுவதுதான் வேலை, தூக்கம் வருகிறது என்கிறாய். கூடவே விதிகளை மாற்றி ஒரு புதிய சுற்றறிக்கை வந்திருப்பதாகவும், இனிப் பல சாமான்களைக் கூட்டுத்தாபனங்களிடமும் கூட்டுறவுச் சங்கங்களிடமும் நேரே வாங்கிவிடலாம் என்பதால் உன் வேலை பாதியாகும் என்றும் மகிழ்ச்சியோடு எழுதியிருக்கிறாய். சேர்ந்த சில நாட்களிலேயே வேலை குறைவதைக் கண்டு மகிழ்கிறவன் அரசாங்க உத்தியோகத்தில் நெடுங்காலம் நிலைப்பான். அந்த வகையில் எனக்குக் கவலை இல்லை.

ஆனால் அந்தத் தூக்கத்தை மட்டும் என்னால் அப்படியே விட்டுவிட முடியவில்லை. ரிவர்ஸ்டன் மலையில் மூடுபனி திடீரென்று விலகி, காலுக்குக் கீழே ஒரு பள்ளத்தாக்கு முழுவதும் பிறந்து நிற்பதை நான் பார்த்திருக்கிறேன். மாரியம்மன் தேர் மாத்தளைத் தெருவில் திரும்பும்போது, ஞாயிறு தவறாமல் மாதா கோயில் பூசைக்குப் போகிற நானும் மூச்சைப் பிடித்துக்கொண்டு நின்றிருக்கிறேன். அவையெல்லாம் பெரியவைதான். ஆனாலும் என் வாழ்நாளில் நான் உண்மையாகவே வாயடைத்துப் போன இடம் எது என்று கேட்டால், மாத்தளை அரசாங்கக் கச்சேரியில் சுண்ணாம்பு உதிர்ந்த ஓர் அறையைத்தான் சொல்வேன். அங்கே ஒரு உத்தியோகத்தர் பாண் விலையை உரக்க வாசித்துக்கொண்டிருந்தார். நீ தூங்கிக்கொண்டே செய்யும் அதே வேலையை.

கேள்விப்பத்திர விதி வருவதற்கு முன்பு நம் பக்கத்து ஆஸ்பத்திரிக்குப் பாண் எப்படி வாங்கினார்கள் என்று உனக்குத் தெரிய நியாயமில்லை. அது பெரிய ஆஸ்பத்திரி அல்ல. டாக்டர் எப்போதாவது வருவார். மற்ற நாட்களில் மருந்து கலந்து கொடுக்கிற அப்போதிக்கரி ஐயாதான் டாக்டர், கணக்கர், கடவுள். நோயாளிகளுக்குக் காலையும் மாலையும் பேக்கரிப் பாண் கொடுக்க வேண்டும். அதை யாரிடம் வாங்குவது என்பதை அவர் தீர்மானிப்பார். எப்படித் தீர்மானிப்பார் என்று யாரும் கேட்டதில்லை. மழை எப்படிப் பெய்யத் தீர்மானிக்கிறது என்று நாம் கேட்கிறோமா?

கடைத்தெருவில் இரண்டு பேக்கரிகள் இருந்தன. ஒன்று நூர்தீன் நானாவுடையது, மற்றது சாலிஹ் நானாவுடையது. நூர்தீன் நானாவின் தங்கையைச் சாலிஹ் நானா கட்டியிருந்தார். சாலிஹ் நானாவின் தங்கையை நூர்தீன் நானா கட்டியிருந்தார். ஆகவே இருவரும் ஒருவருக்கொருவர் இரண்டு பக்கத்திலும் மச்சான். ஆஸ்பத்திரிப் பாணை ஒரு வருடம் இவர், ஒரு வருடம் அவர் என்று முறை வைத்துக் கொடுத்துவந்தார்கள். முறை மாறுவது ஹஜ்ஜுப் பெருநாளன்று, வட்டிலப்பத்துக்கும் தேநீருக்கும் இடையில் நடக்கும். அப்போதிக்கரி ஐயாவுக்கும் அன்றைக்கு அவர்கள் வீட்டில்தான் சாப்பாடு. போட்டி என்பது அந்தக் குடும்பத்தில் கெட்ட வார்த்தை. ஒருவர் கடையில் பனிஸ் தீர்ந்துவிட்டால் வந்தவரை மற்றவர் கடைக்குக் கையைப் பிடித்து அனுப்பிவைப்பார்கள். பாண் நல்ல பாண்; அதைக் குறை சொன்னால் என் நாக்கு அழுகும். விலைதான் வருடத்துக்கு வருடம் கொஞ்சம் உடம்பு வைத்துக்கொண்டு வந்தது. நடக்க வேண்டிய தேவை இல்லாத எதுவும் உடம்பு வைக்கத்தான் செய்யும்.

நம் நிலைமை வேறு. நீ அப்போது சுவரைப் பிடித்து நடை பழகிக்கொண்டிருந்தாய். உன் அப்பா தோட்டத்து லொறி ஓட்டியவர். தோட்டம் கைமாறியது, புதிய முதலாளி தன் டிரைவரோடு வந்தார். அதன்பிறகு உன் அப்பா மார்க்கெட்டில் மூட்டை இறக்கினார். நான் கன்னியர் மடத்தில் வளர்ந்தவள். அங்கே சமையலறையில் பாண் சுடவும், நூலகத்தில் நாங்கள் திறக்கக் கூடாது என்று சொல்லப்பட்ட அலுமாரியைத் திறக்கவும் கற்றுக்கொண்டேன். இரண்டும் பிற்காலத்தில் பயன்பட்டன. வாடகை வீட்டின் பின்புறம் உன் அப்பா உடைந்த செங்கல் பொறுக்கி வந்து எனக்கு ஒரு போறணை கட்டித் தந்தார். அதில் பாணும் முதலை வடிவக் கிம்புலா பனிசும் சுட்டு நம் ஒழுங்கை வீடுகளுக்கு மட்டும் விற்றேன்.

உன் அப்பாவின் பிரஜாவுரிமை மனு ஏற்கப்படவில்லை என்று ஒரு வரியில் கடிதம் வந்திருந்தது. அவருடைய இரண்டு அண்ணன்மாரும் அதற்கு முன்பே தலைமன்னார் கோச்சியில் ஏறிக் கப்பல் பிடித்துவிட்டார்கள். திருச்சிப் பக்கத்தில் எங்கோ இருந்து, வா, வா என்று எழுதிக்கொண்டிருந்தார்கள். உன் அப்பா பிறந்தது ரிவர்ஸ்டனுக்குக் கீழே ஒரு தோட்ட லயத்தில். திருச்சியை அவர் கண்டது ஒரு நாட்காட்டிப் படத்தில். ஆனாலும் வருட முடிவுக்குள் நிலையான வருமானம் ஒன்று அமையாவிட்டால் நாமும் கிளம்பிவிடுவது என்று முடிவாகியிருந்தது. முடிவு செய்தவர் அவர். எதிர்த்துப் பேச என்னிடம் ஒழுங்கைப் பாணைத் தவிர வேறு வாதம் எதுவும் இருக்கவில்லை.

அப்படி இருக்கும்போதுதான் கருவாடு சுற்றி வந்த ஒரு தாளில் அந்த விதியை வாசித்தேன். அது அரசாங்க வர்த்தமானி. மற்றப் பெண்கள் புனிதர்களின் வரலாற்றை வாசிப்பதுபோல நான் வர்த்தமானி வாசிப்பேன். இரண்டிலும் நம்ப முடியாத சங்கதிகள் உண்டு; வர்த்தமானியில் மொழி இன்னும் கண்டிப்பானது. இனி அரசாங்க ஆஸ்பத்திரிகளுக்கான உணவுப் பொருட்கள் கேள்விப்பத்திரம் மூலமே வாங்கப்படும் என்று இருந்தது. விலையை எழுதி, உறையில் வைத்து முத்திரையிட்டு, கச்சேரியில் உள்ள பெட்டியில் போட வேண்டும். குறித்த நாளில், போட்டவர்கள் முன்னிலையில் பெட்டியைத் திறந்து எல்லா விலைகளையும் உரக்க வாசிப்பார்கள். பிரஜை எவரும் போடலாம். குறைந்த விலையைத் தள்ளிவிட்டு வேறொன்றை ஏற்பதானால், தள்ளுகிற அதிகாரி அதற்கான காரணத்தை எழுதிக் கையொப்பமிட்டு மேலிடத்துக்கு அனுப்ப வேண்டும்.

அந்தக் கடைசி வரியில் மீன் எண்ணெய் ஊறி எழுத்து மங்கியிருந்தது. வெளிச்சத்தில் பிடித்து மறுபடியும் வாசித்தேன். மகனே, நான் அதுவரை அரசாங்கம் காரணம் சொல்லிக் கண்டதில்லை. உன் அப்பாவை இந்த நாட்டுக்காரர் இல்லை என்று தள்ளியபோதுகூட அந்த ஒரு வரிக்கு மேல் யாருக்கும் மை செலவாகவில்லை. அதே அரசாங்கம் ஒரு றாத்தல் பாணைத் தள்ளுவதானால் காரணம் எழுதுவேன், கையொப்பமிடுவேன் என்று தன் கையைத் தானே கட்டிக்கொண்டிருந்தது. மனிதனுக்குக் கிடைக்காத மரியாதை பாணுக்குக் கிடைத்துவிட்டதே என்று நான் சிரித்திருக்க வேண்டும். எனக்குச் சிரிப்பு வரவில்லை, மயிர்க்கூச்செறிந்தது. பாணில் தொடங்கினால் ஒருநாள் மனிதனுக்கும் வந்து சேராதா என்று தோன்றியது.

என் அப்பாவும் அவருடைய அப்பாவும் மன்னாரில் ஞானஸ்நானம் பெற்றவர்கள். கோயில் பதிவேடு அதற்குச் சாட்சி. அப்பாவும் பாட்டனும் இங்கே பிறந்திருந்தால் போதும் என்பது சட்டம்; ஆகவே நான் பிரஜை. உன் அப்பா போட முடியாது, நான் போடலாம். அதை அவரிடம் சொன்னபோது அவர் சோற்றுக் கையோடு என்னைப் பார்த்தார்.

"ஆஸ்பத்திரிக்கு நீயா? அப்போதிக்கரி ஐயா வாசல்ல ஒன்ன நிக்க விடுவாரா?"

"அவர் வாசல்ல நான் ஏன் நிக்கணும்? பெட்டியில போட்டா போதும்."

"பெட்டி ஒன்ன பாத்து வச்சிக்கிருமா?"

"பெட்டிக்குக் கண்ணு இல்ல. அதுதான் அதோட விசேஷம்."

"கண்ணில்லாத பெட்டிய கண்ணுள்ளவந்தானே தொறப்பான்?" என்றார் உன் அப்பா.

உன் அப்பா பள்ளிக்கூடம் அதிகம் போகாதவர் என்று நீ நினைக்கிறாய். இந்தக் கேள்விக்கு இன்றுவரை எந்தச் சுற்றறிக்கையிலும் எனக்குப் பதில் கிடைக்கவில்லை.

விலை எழுதுவது எளிதாக இருந்தது. மாவுக்கு இவ்வளவு, விறகுக்கு இவ்வளவு, நம் உழைப்புக்குக் கொஞ்சம் என்று போட்டேன். மற்றவர்கள் என்ன போடுவார்கள் என்று யோசிக்க எனக்குத் தெரியாது. அரக்கு இல்லை, கோயில் மெழுகுதிரி ஒன்றை உருக்கி உறையில் ஊற்றினேன். அது உரிந்து வந்தபோது பிசைந்த மாவைக் கொஞ்சம் எடுத்து அதன்மேல் அழுத்திவிட்டேன். கச்சேரிப் பியோன் அந்த உறையை நெடுநேரம் பார்த்தார்.

"நோனா, பெட்டிஷன் குடுக்கிற எடம் அந்தப் பக்கம்."

"இது பெட்டிஷன் இல்ல. பாண்."

அவர் உறையை மூக்கருகே கொண்டுபோய் முகர்ந்து பார்த்துவிட்டுப் பெட்டியைக் காட்டினார். போட்டேன். உள்ளே ஏற்கெனவே கிடந்தவற்றின்மேல் விழுந்த சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தில் நான் யார் மகள், யார் மனைவி, என் போறணை எத்தனை பெரியது என்பது எதுவும் இல்லை. வெறும் ஓர் உறை மற்ற உறைகளின்மேல் விழுந்த சத்தம். வீடு வரைக்கும் அதை நினைத்துக்கொண்டே நடந்தேன்.

திறக்கும் நாளன்று அந்த அறையில் அப்போதிக்கரி ஐயா இருந்தார், மச்சான்மார் இருவரும் தொப்பியும் வெள்ளைச் சாரமுமாகப் பக்கத்துப் பக்கத்துக் கதிரைகளில் இருந்தார்கள். நான் கதவோரம் நின்றேன். கோழி, விறகு, மரக்கறி என்று வேறு உறைகள் முடிந்து பாணுக்கு வந்தார்கள். திறக்கிற உத்தியோகத்தர் கண்டியிலிருந்து மாற்றலாகி வந்த சிங்களவர். மெலிந்தவர். விலை வாசிக்கும்போது ஜெபம் சொல்வதுபோலக் குரலில் ஏற்றமும் இறக்கமும் இல்லாமல் வாசித்தார்.

முதலில் நூர்தீன் நானாவின் உறை. அவர் தன் கடையில் தெருவோடு போகிறவனுக்கு விற்கும் விலையைவிடக் கூடுதலான விலை அதில் இருந்தது. உத்தியோகத்தர் ஒருதரம் கண்ணாடியைத் துடைத்துக்கொண்டார். அடுத்தது சாலிஹ் நானாவுடையது. அது அதையும்விடக் கூடுதல். பிறகு மச்சான்மார் ஒருவரையொருவர் திரும்பிப் பார்த்தார்கள்.

"என்னா மச்சான் நீங்க செஞ்ச வேல?" என்றார் நூர்தீன் நானா.

"நான் செஞ்சதா? நீங்க என்னத்தையன் செஞ்சீக்கிறீங்க?"

"ஒங்கட மகள்ட கலியாணம் வருது. இந்த வருசம் ஒங்களுக்குக் கெடைக்கட்டும்ண்டு நான் வெலய கூட்டிப் போட்டேன்."

"இந்த வருசம் ஒங்கட முறை! நான் குறைச்சிப் போட்டா என்ட தங்கச்சிர மொகத்துல நான் எப்படி முழிக்கிற? அதனால நான் கூட்டிப் போட்டேன்."

"நான் போட்டது போதாதா? அதுக்கு மேலயும் ஏத்தோணுமா?"

"ஒங்களுக்குக் கெடைக்காமப் போயிருமோண்டு பயம் மச்சான்!"

இருவரும் எழுந்து நின்றுவிட்டார்கள். யார் அதிகம் விட்டுக்கொடுத்தது என்பதில் கைகலப்பு வரும்போல் இருந்தது. உத்தியோகத்தர் பியோனிடம் மெதுவாக, "இவர்கள் ஏன் சண்டை போடுகிறார்கள்?" என்று கேட்டார். பியோன், "அன்பினாலே, சேர்" என்றார்.

அந்த விதியை எழுதியவர்கள் எல்லா வகைத் திருட்டையும் யோசித்துத்தான் எழுதியிருப்பார்கள். கூட்டுச் சேர்ந்து விலை ஏற்றுவார்கள், ஒருவர் உறையை ஒருவர் களவாகப் பிரிப்பார்கள் என்றெல்லாம் எண்ணித்தான் முத்திரை, சாட்சி, நேரம் எல்லாம் வைத்தார்கள். ஒருவருக்கொருவர் தோற்றுக்கொடுக்க இரண்டு பேர் ஒரே சமயத்தில் இரகசியமாக முயல்வார்கள் என்று அவர்களுக்குத் தோன்றியிருக்காது. மாத்தளைக் கடைத்தெருவைப் பார்க்காதவர்கள். பெருநாள் மேசையில் ஒரு வார்த்தை பேசியிருந்தால் தீர்ந்திருக்கும். ஆனால் முத்திரையிட்ட விலையை வெளியே சொல்லக் கூடாது என்று விதியில் இருந்தது. இருவரும் விதியை அச்சொட்டாக மதித்திருக்கிறார்கள்; அதனால் வந்த வினை.

மூன்றாவது உறையைப் பிரிப்பதற்குப் பியோன் சிரமப்பட்டார், மாவு காய்ந்து இறுகியிருந்தது. உத்தியோகத்தர் விலையை வாசித்தார். முதலில் வாசித்த இரண்டையும் எந்தக் குரலில் வாசித்தாரோ அதே குரலில். பிறகு என் பெயரை வாசித்தார். அதையும் அதே குரலில். மகனே, என் பெயரை அதுவரை மடத்துக் கன்னியர் கண்டிக்கும் குரலில் வாசித்திருக்கிறார்கள், பாதர் இரக்கக் குரலில் வாசித்திருக்கிறார். எந்தக் குரலும் இல்லாமல் ஒருவர் வாசித்து நான் கேட்டது அதுவே முதல் தடவை. இரண்டு முதலாளிமாரின் பெயருக்குப் பக்கத்தில் அது சரிசமமாக நின்றது.

"யார் இது?" என்று அப்போதிக்கரி ஐயா கேட்டார்.

"நான்தான்" என்றேன்.

அவர் கதவுப் பக்கம் திரும்பிப் பார்த்துவிட்டு உத்தியோகத்தரிடம் சொன்னார்: "சேர், இது சரிவராது. இவ வீட்டுக்குப் பின்னால ஒரு செங்கல் பொந்து வச்சிருக்கா. புருஷன் தோட்டத்து ஆள், இன்னைக்கு இருப்பான், நாளைக்கு இந்தியாவுக்குப் போவான். நோயாளிகளோட விசயம்."

அவர் சொன்னதில் பொய் எதுவும் இல்லை என்பதுதான் கொடுமை. உத்தியோகத்தர் என்னைச் சிங்களத்தில் கேட்டார்; நானும் சிங்களத்தில் சொன்னேன். அவ்வளவு பாணையும் உன் போறணையில் சுட முடியுமா என்றார். ஒரே தடவையில் முடியாது என்றேன். அப்போதிக்கரி ஐயா மேசையைத் தட்டினார். "ஆனா ரெண்டு தடவ எரிச்சா முடியும்" என்றேன்.

"நல்ல பாண்தானா அது?" என்று உத்தியோகத்தர் பொதுவாகக் கேட்டார்.

யாரும் எதிர்பாராமல் நூர்தீன் நானா எழுந்தார். "நல்ல பாண் சேர். நான் வாங்கித் தின்டீக்கிறேன்."

சாலிஹ் நானா அதிர்ந்துபோனார். "மச்சான்! சொந்தக் கட ஈக்கக்குள்ள அங்க போயா வாங்குனீங்க?"

"ஒங்கட தங்கச்சிதான் வாங்கியாரச் சொன்ன. எங்கட பாண விட அது மிருதுவாம்."

"என்ட தங்கச்சியா செல்லிய? வாப்பாட பேக்கரியில பொறந்த புள்ளயா?" என்று சாலிஹ் நானா தலையில் கை வைத்துக்கொண்டு உட்கார்ந்தார்.

உத்தியோகத்தர் பேனாவை எடுத்து மூடியைக் கழற்றினார். என் விலையைத் தள்ளுவதற்கான காரணம் எழுதும் இடத்துக்குத் தாளைத் திருப்பினார். அந்தக் காட்சியை நீ பார்த்திருக்க வேண்டும். மாவட்டத்தில் பெரிய அதிகாரிகளில் ஒருவர். அவர் ஒரு வார்த்தை சொன்னால் ஒரு கிராமத்துக்கே பாதை வரும், வராமலும் போகும். அவர் பேனாவின் முள்ளைத் தாளுக்கு மேலே பிடித்துக்கொண்டு ஒரு காரணத்தைத் தேடிக்கொண்டிருந்தார். பெண் என்று எழுதலாமா என்று யோசித்திருப்பார்; விதியில் அதற்கு இடமில்லை. கணவன் பிரஜையில்லை என்று எழுதலாமா? உறை கணவனுடையதல்ல. போறணை சிறிது என்று எழுதலாமா? இரண்டு தடவை எரிக்கிறேன் என்கிறாள். பாண் மோசம் என்று எழுதலாமா? எதிராளியே வாங்கித் தின்கிறார். எனக்கு எதிராக எழுதக் கூடியது ஏராளம் இருந்தது. ஆனால் எழுதி, கீழே தன் பெயரையும் போட்டு, முகம் தெரியாத இன்னொருவர் வாசிக்கும்படி அனுப்பக் கூடியது ஒன்றுகூட இல்லை. வாயால் சொல்லும்போது மலைபோல நிற்கிற காரணங்கள் எழுத்தில் வைக்கப் போனால் எப்படி ஆவியாகிவிடுகின்றன என்பதை அன்றைக்குத்தான் கண்டேன். மூடுபனி விலகுவது அதற்குப் பிறகு எனக்குச் சாதாரணமாகிவிட்டது.

அவர் பேனாவை மூடினார். "காரணம் இல்லை" என்றார். அடுத்த உறையை எடுத்தார். அது கருவாட்டுக்கானது.

அதன் பிறகு அந்த விதி எத்தனையோ முறை மாறியதை நீ என்னைவிட நன்றாக அறிவாய். மாதிரிப் பாண் கொண்டுவா என்றார்கள், பிணைப்பணம் கட்டு என்றார்கள், முன் அனுபவம் இருக்க வேண்டும் என்றார்கள். அனுபவம் வேண்டும் என்ற விதி முதலிலேயே இருந்திருந்தால் நான் எப்படி அனுபவம் பெற்றிருப்பேன் என்று யாரையும் கேட்கவில்லை. அதற்குள் எனக்கு அனுபவம் வந்துவிட்டிருந்தது. அனுபவம் வந்தவர்கள் அந்தக் கேள்வியைக் கேட்பதில்லை. மச்சான்மாரும் விலையைக் குறைத்துப் போடுவது ஹறாம் அல்ல என்று யாரிடமோ தெளிவு கேட்டுக்கொண்டு வந்தார்கள். ஒரு வருடம் சாலிஹ் நானா என்னை நியாயமாகவே தோற்கடித்தார். அன்று மாலை அவருடைய மனைவி எனக்கு ஒரு தட்டு வட்டிலப்பம் அனுப்பியிருந்தார். தோல்விக்கு அத்தனை இனிப்பு ஆகாது.

இப்போது ஆஸ்பத்திரிப் பாண் கூட்டுறவுச் சங்கத்துப் பேக்கரிக்குப் போய்விட்டது, கேள்விப்பத்திரம் இல்லாமலே. உன் சுற்றறிக்கையின் பெரியண்ணன் இங்கே முன்பே வந்துவிட்டார். நான் அதை எதிர்த்துப் பேசவில்லை. சங்கமும் நம் சனங்கள்தான், முதலாளிமாரிடம் மட்டும் வாங்குவது தர்மம் என்று எந்த வேதத்திலும் இல்லை. சங்கத்துப் பாணை வாங்கித் தின்றும் பார்த்தேன். ஏதாவது சொன்னால் பொறாமை என்பார்கள். ஆகையால் அது சதுரமாக இருந்தது என்று மட்டும் பதிவு செய்கிறேன்.

விதியை மாற்றுகிறவர்கள் மாற்றட்டும், அது உன் கையில் இல்லை. பேனா உன் கையில் இருக்கிறது. நேரே வாங்கலாம் என்று விதி சொன்னாலும், ஏன் இவரிடம் என்று ஒரு வரி எழுதிப் பார். யாரும் கேட்காவிட்டாலும் எழுது. எழுத வராவிட்டால் கொஞ்சம் நின்று யோசி. இரு நாட்டு ஒப்பந்தமெல்லாம் வந்து, உன் அப்பாவின் பெயரும் உன் பெயரும் பிரஜைகளாகப் பதிவானபோதுகூட ஏன் முன்பு இல்லை, ஏன் இப்போது உண்டு என்று நமக்கு யாரும் சொல்லவில்லை. கிடைத்ததே என்று வாங்கி வைத்துக்கொண்டோம். காரணம் தெரியாமல் கிடைத்தது காரணம் தெரியாமல் போகவும் கூடும் என்ற பயம் எனக்கு இன்னும் இருக்கிறது. ஆஸ்பத்திரிப் பாண் விஷயத்தில் மட்டும் அந்தப் பயம் எனக்கு இருந்ததில்லை. கிடைத்தபோதும் ஏன் என்று தெரியும், தோற்றபோதும் ஏன் என்று தெரியும்.

அன்றைக்கு அறையை விட்டு நான் வெளியே வந்தபோது உன் அப்பா கச்சேரி வாசலில் மர நிழலில் உன்னோடு நின்றார். கையில் ஒரு சீப்புக் கோழிக்கூட்டு வாழைப்பழம். கிடைத்தால் கொடுக்க வேண்டும் என்று வாங்கி வைத்திருந்தார். கிடைக்காவிட்டால் அடுத்த வருடத்துக்கு என்று கொடுக்க வேண்டும் என்றும் யோசித்திருந்தார்.

"கெடைச்சிருச்சு" என்றேன்.

அவர் முகம் முதலில் மலரவில்லை. குழம்பியது. "யார் குடுத்தாங்க?"

"யாரும் குடுக்கல. கெடைச்சிருச்சு."

"அது எப்பிடி யாரும் குடுக்காம கெடைக்கும்? யாராவது மனசு வச்சிருப்பாங்கல்ல? அப்போதிக்கரி ஐயாவா?"

"அவர் வேண்டாம்ன்னாரு."

"அப்ப அந்தப் பெரியவரு?"

"அவரும் வேண்டாம்ன்னு எழுதத்தான் பேனாவ எடுத்தாரு. எழுத ஒண்ணும் கெடைக்கல."

உன் அப்பா பழச்சீப்பைக் கையில் பிடித்துக்கொண்டு கச்சேரிச் சன்னல்களை ஒவ்வொன்றாகப் பார்த்தார். தோட்டத்தில் துரை கொடுத்தார், கங்காணி கொடுத்தார், லொறியைக் கொடுத்தார்கள், பிறகு எடுத்தார்கள். கொடுக்கிற கை ஒன்று இல்லாமல் அவருக்கு வாழ்க்கையில் எதுவும் வந்ததில்லை. தலையில் கட்டியிருந்த துண்டை அவிழ்த்துத் தோளில் போட்டுக்கொண்டார். யாருக்கு முன்னால் அவிழ்த்தார் என்று அவருக்கும் தெரியவில்லை, எனக்கும் தெரியவில்லை.

எங்களுக்குப் பின்னால் மச்சான்மார் இன்னும் சண்டை போட்டுக்கொண்டே படி இறங்கி வந்தார்கள். உன் அப்பா போய் நூர்தீன் நானாவின் கையில் பழச்சீப்பை வைத்தார்.

"என்னத்துக்குத் தம்பி இது?"

"தெரியலீங்க முதலாளி. யாருக்காவது குடுக்கணும்."

நூர்தீன் நானா ஒரு பழத்தைப் பிய்த்து மச்சானிடம் நீட்டினார். சாலிஹ் நானா, "நீங்க மொதல்ல தின்னுங்க" என்றார். அதிலும் அவர்களுக்குள் முடிவு வரவில்லை.

நாங்கள் மார்க்கெட் பக்கமாக நடந்தோம். நீ என் இடுப்பில் தூங்கிவிட்டிருந்தாய். உன் அப்பா கோச்சி ஸ்டேசனுக்குத் திரும்புகிற மூலையில் சட்டென்று நின்றார். தலைமன்னாரைப் பற்றித்தான் ஏதோ சொல்லப் போகிறார் என்று நானும் நின்றேன்.

"தினம் ரெண்டு தடவ எரிக்கணும்ன்னா," என்றார், "மழைக்கு முன்னாடியே வெறகு வாங்கிப் போடணும்."

இப்படிக்கு,
மாத்தளையிலேயே இருக்கும்
உன் அம்மா